இரண்டு கையாலும் வாங்கும் பங்கு

எமர்ஜென்சி முடிந்த மறுவருசம் அது. ஒரு மாதமாகச் சாமைக் கொல்லையைக் கிளறிப்போட்ட காட்டுப்பன்றி அன்று காலைதான் விழுந்தது. மலையில் வேட்டை விழுந்தால் ஊருக்கே பங்கு. போனவனுக்கும் பங்கு, போகாதவனுக்கும் பங்கு, துரத்திய நாய்க்கும் பங்கு. பங்கு போடும் நேரத்தில் ஊருக்குள் கால் வைத்தவனுக்கும் உண்டு. கறி கட்டிய இலையை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். இல்லாவிட்டால் சாமி குத்தம்.

கடைசிப் பங்கு போடும்போது கால் வைத்தவர் ஃபாரஸ்ட் கார்டு கோபால்சாமி. அடிவாரத்து அமிர்தியில் விடியலில் குடித்த டீயோடு மலையேறி வந்திருந்தார். கூட்டம் சிட்டாய்ப் பறந்துவிட்டது. ரத்தக் கத்தியோடு நின்ற அர்ச்சுனனின் மணிக்கட்டை அவர் பிடித்துக்கொண்டார்.

"வேற யார் யாரு இதுல சம்பந்தப்பட்டிருக்காங்க?"

"நான் ஒருத்தன்தாங்க."

அர்ச்சுனன் பெண்டாட்டி செந்தாமரைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுசனுக்குத் தருமராசா என்று நினைப்பு! தின்பது ஊர், ஜெயிலுக்குப் போவது என் புருசனா? சாமையை யார் அறுப்பது? வயிற்றில் இருப்பதற்கு யார் பதில் சொல்வது?

நடுத்தெருவில் நின்று கத்தினாள். "பங்கு வாங்குனவங்க எல்லாம் வெளிய வாங்க. வாங்குன கையும் வெட்டுன கைதான்."

ஒரு கதவும் அசையவில்லை.

"வரமாட்டீங்களா? அப்ப பங்கைத் திருப்பிக் குடுங்க."

அதுதான் சுட்டது. பங்கைத் திருப்பிக் கொடுத்தவன் அப்புறம் ஊரில் ஒருத்தன் இல்லை. வேட்டைப் பக்கமே போகாத அம்மாக்கண்ணு முதலில் வந்தாள். "நானுந்தாங்க." பின்னால் சிங்காரம் வந்தான். கொஞ்ச நேரத்தில் ஊரே இலைப்பொட்டலத்தோடு வந்து நின்றது. கண்ணாயிரம் தன் நாயையும் இழுத்து வந்தான்.

"இதுவும் சம்பந்தப்பட்டதுதாங்க."

செந்தாமரைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன.

"இத்தினி பேரை நான் ஒருத்தன் எப்படி இட்டுக்கினு போறது?" என்று கார்டு முனகினார். பிடியை மட்டும் விடவில்லை.

பங்கு போட்ட பாறைமேல் மீந்திருந்த இலையைச் செந்தாமரை எடுத்து வந்தாள். "உங்க பங்குங்க. நேரத்துக்குத்தான் வந்திருக்கீங்க."

கோபால்சாமி அந்த டீக்கு அப்புறம் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. ஒரு கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

"ரெண்டு கையாலயும் வாங்கணுங்க."

அவர் இலையைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். பிறகு அர்ச்சுனனின் மணிக்கட்டை விட்டார்.