தோல் சுற்றிய கம்பி

"சாயபுகிட்ட கேட்டியாய்யா?"

"எத?"

"அந்தக் கரண்டு கம்பிய மாத்தச் சொல்லி."

"அதான் தோல் வாரச் சுத்தி வெச்சிருக்கேனே. தெனம் அதத் தள்ளிட்டுத்தான் உள்ள போறேன். இன்னா ஆய்டுச்சி எனுக்கு?"

"உன் தோலு எருமத்தோலு. உனுக்கு இன்னா ஆவும்?"

பச்சையப்பன் வாய்விட்டுச் சிரித்தான். "கேக்கறேன் அமிர்தம். சாயபு மூஞ்சி நல்லா இருக்கசொல்ல கேக்கறேன்."

சித்திரையில் தொடங்கிய பேச்சு இது. இப்போது ஐப்பசி. அமிர்தவள்ளி செத்துக் கிடந்தவனுடைய வலது கையை மடியில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பாட்டுவதற்குக் குடங்களோடு பெண்கள் காத்து நின்றார்கள். விரல் இடுக்கில் பட்டாணி அளவுக்கு வெளுத்த ஒரு வடு. அவ்வளவுதான். ஈரத்தோலை ஒற்றை ஆளாய்த் தூக்கித் தோளில் போடுகிறவன் இதற்கா விழுவான்?

"கரண்டு அடி எங்க பட்டுச்சிப்பா?" என்று கொழுந்தனைக் கேட்டாள். எத்தனையாவது முறையோ.

கன்னியப்பனும் தோல் ஊறும் அதே சுண்ணாம்புத் தொட்டிக் கொட்டகையில்தான் வேலை செய்தான். வாசலில் தாழத் தொங்கும் விளக்குக் கம்பியில், மேல்துணி கிழிந்து செம்பு தெரிந்த இடத்தில்தான் அண்ணன் தோல் சுற்றியிருந்தான்.

"அடியே படல அண்ணி. அண்ணன் கம்பியத் தொடவேயில்ல. வாரத்தான் தள்ளுச்சி."

"வாருதான் இருந்திச்சில்ல?"

"இருந்திச்சி. ராத்திரி பூரா கூரை ஒழுகி ஊறிப் போய்ட்டிருந்திச்சி."

"காத்து கருப்புதான் அடிச்சிருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாள். "வெளக்கு எங்கியாவது ஆள அடிக்குமா?"

இருக்கலாம் என்று தோன்றியது. இல்லை என்றும் தோன்றியது. தோல் தண்ணீர் குடிக்கும். ஊறவைப்பதிலேயே உண்டு உடுத்த தெரு அது, குழந்தைக்கும் தெரியும். அவனுக்குத் தெரியாதா? தனக்கே தெரியாதா? நினைப்பு அதற்கு மேல் ஓடாமல் மறுபடி விரல் இடுக்கிலேயே வந்து நின்றது.

கால் கட்டைவிரல்களைக் கட்டக் கயிறு கேட்டார்கள். கன்னியப்பன் ஏதோ நினைவில் மடியிலிருந்து ஒன்றை உருவினான். புதுத் தோல் வார். சட்டென்று கையை இறக்கிக்கொண்டான்.

"இது இன்னாத்துக்கு?"

"மேஸ்திரி குடுத்தான் அண்ணி. நாளிக்கு இதக் கம்பில சுத்திட்டு என்னை வேலைய ஆரம்பிக்கச் சொன்னான். இது நல்லா காஞ்ச வாராம்."

அவள் அவன் கையைப் பார்த்தாள். அண்ணன் கையேதான். அதே அகலம், அதே சுண்ணாம்பு தின்ற நகம்.

தெருவில் பேச்சு அடங்கியது. தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி அஹமது பாஷா சாயபு செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார். பச்சையப்பனை வெகுநேரம் பார்த்தார்.

"தங்கமான ஆளும்மா. எதுனா வேணும்னா கூச்சப்படாம கேளு."

"கேளுடி" என்று கோவிந்தம்மாள் இடித்தாள்.

அமிர்தவள்ளி முந்தானையை இழுத்துப் போர்த்தி எழுந்தாள். சாயபு முகம் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தாள். அவளுக்குப் பார்க்கத் தெரியவில்லை. கன்னியப்பன் கையிலிருந்த வாரை வாங்கித் தன் கைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"அந்தக் கம்பிய மாத்திக் குடுங்க சாயபு."