விழுகிற இடம்

ஏழாவது அடியில் அது மறுபடியும் விழுந்தது. குந்தியிருந்த சுதாஜினி எட்டிப் பிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஒரு சாண் உயரமான அந்த இரண்டு கால் ரோபோ சீமெந்து நிலத்தில் இடப்பக்கமாகக் கிடந்தபடி, தான் விழுந்ததே தெரியாததுபோலக் கால்களை மாறி மாறி ஆட்டிக்கொண்டிருந்தது.

அவள் கிளிநொச்சி டவுனில் போன் திருத்துகிற கடையில் வேலை செய்தாள். ரோபோவின் ஆறு மோட்டர்களும் அவளுடைய புருசன் வினோதன் கட்டாரிலிருந்து அனுப்பியவை. "உனக்கு விசர்" என்று சிரித்துக்கொண்டுதான் அனுப்பினான். கால்களை அலுமினியத் தகட்டில் அவளே வெட்டி வளைத்தாள். பாதங்களுக்குப் பழைய செருப்பின் றப்பரை ஒட்டினாள். கடையில் விட்டால் ஒரு சுவரிலிருந்து மற்றச் சுவர்வரை தள்ளாடித் தள்ளாடியாவது போய்ச் சேர்ந்துவிடும். கண்டாவளையில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுவந்தால் அலுமாரிக்கு முன்னால் விழும். பற்றரியை வலப்பக்கம் நகர்த்திப் பார்த்தாள், பாதத்தை அகலமாக்கினாள், நடையின் வேகத்தைக் குறைத்தாள். வீட்டுக்குச் சரியாக்கினால் கடையில் விழுந்தது; கடைக்குச் சரியாக்கினால் வீட்டில் விழுந்தது. மூன்று கிழமையாக இதே கூத்து. தன்னுடைய கணக்கில் எங்கேயோ பிழை என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான், ஏன் என்றில்லாமல், ரோபோவை எதிர்ப்பக்கத்திலிருந்து வாசலை நோக்கி நடக்கவிட்டாள். அலுமாரியடியில் வந்ததும் இந்த முறை வலப்பக்கம் விழுந்தது. பக்கம் மாறியிருந்தது. இடம் மாறவில்லை.

போனை நிலத்தில் வைத்து மட்டம் பார்த்தாள். இரண்டு பாகை சரிவு. நகர்த்தி நகர்த்தி வைத்தாள். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிலம் ஒரு பாயளவு இடத்தை நோக்கித் தாழ்ந்துகொண்டு போனது.

மாமி இராசமலர், வினோதனின் தாய், தேத்தண்ணியோடு குசினியிலிருந்து வந்தா.

"மாமி, இந்த அலுமாரிக்கு முன்னால நிலம் இறங்கிக் கிடக்கு."

மாமி திரும்பிப் பார்க்கவில்லை. கோப்பையைக் கதிரையில் வைத்தா. "அது அப்பிடித்தான் பிள்ளை. பங்கர் இருந்த இடமெல்லோ."

சுதாஜினிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்றிருந்தது. கலியாணமாகி இந்த வீட்டுக்கு வந்து ஆறு வருசம். "என்ன பங்கர்?"

"சண்டை நேரம் குண்டுக்கு ஒளிய மாமா வெட்டினது. மேல பனங்குத்தி அடுக்கி. நாங்கள் முகாமால திரும்பி வரேக்க குத்தியள் அப்பிடியே கிடந்தது. நான்தான் மண் போட்டு மூடினனான்."

"வீடு கட்டேக்க மேசனிட்டச் சொல்லேல்லையோ?"

"சொன்னா, தோண்டிப்போட்டுக் கட்டுவம் எண்டிருப்பாங்கள்."

"தோண்டினா என்ன மாமி? உள்ளுக்க என்ன கிடக்கு?"

"மண்தான். இடம்பெயர்ந்து போகேக்க நல்லா மூடிப்போட்டுத்தானே போனனான்."

"திரும்பி வந்து மூடினதெண்டு இப்பத்தான் சொன்னியள்?"

"ஓம்." மாமி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தா. "ரெண்டு தரமும் மூடினது."

மாமா செல் குண்டு விழுந்து செத்தார் என்று வினோதன் சொல்லியிருந்தான். எங்கே என்று அவனுக்கே தெரியாது. அவன் அப்போது வவுனியாவில் சித்தி வீட்டில் நின்று படித்துக்கொண்டிருந்தவன். கேட்டால் அம்மா அழுவா என்று கேட்காமலே விட்டதாக ஒருதரம் சொன்னான். சுதாஜினி வாயைத் திறந்தாள். கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: மாமாவை எங்கே புதைத்தது? ஆனால் எந்தச் சொல்லில் தொடங்குவது என்று தெரியவில்லை. தான் நினைப்பது வெறும் விசர் நினைப்பாகவும் இருக்கலாம். வயது போனவர்கள் முன்னுக்குப் பின் மாறிச் சொல்வதில்லையா?

போன் அடித்தது. மேசன் சிவகரன். விறாந்தையில் டைல்ஸ் பெட்டிகள் வந்து இறங்கி நாலு நாளாகிறது. பொங்கலுக்கு முதல் பதித்து முடிக்கவேண்டுமென்பது வினோதனின் ஆசை.

"தங்கச்சி, நாளைக்குக் காலமை வாறன். அண்டைக்கு அளக்கேக்க பாத்தனான், அலுமாரிப் பக்கம் பள்ளம். அதைக் கொத்தி எடுத்துப்போட்டுத்தான் மட்டமாக்கவேணும், சரியோ?"

அவள் மாமியைப் பார்த்தாள். போனில் கேட்டது மாமிக்கும் கேட்டிருக்கும். மாமியின் முகத்தில் பயமுமில்லை, கோபமுமில்லை. யாரோ கூப்பிடுவதற்காகக் காத்திருக்கிற ஆளைப்போல நின்றா.

"பொறுங்கோ அண்ணை," என்றாள் சுதாஜினி. "நான்... பிறகு எடுக்கிறன்."

வினோதனுக்கு என்ன சொல்வது? ரோபோ விழுகிறது என்றா? நிலம் இறங்குகிறது என்றா? தெரிந்தது எது, தானாக நினைத்துக்கொண்டது எது என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

மாமி கிணற்றடிக்குப் போய்க் கால் கழுவிக்கொண்டு திரும்பி வந்தா. வாசலிலிருந்து சாமிப்படத்துக்குப் போக, அறையை நேராகக் கடந்தால் நாலு எட்டுத்தான். மாமி சுவரோரமாக ஒதுங்கி, கட்டிலைச் சுற்றிக்கொண்டு போனா. ஆறு வருசத்தில் ஒருநாளாவது மாமி நேராக நடந்ததைக் கண்டிருக்கிறாளா என்று சுதாஜினி யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை. சீமெந்தில் ஈரக்காலடிகள் அந்தப் பாயளவு இடத்தைத் தொடாமல் வளைந்துபோய், ஒவ்வொன்றாகக் காய்ந்துகொண்டிருந்தன.