நாலாவது நாடு

ஜெர்மனிக்காரி ஹைட்ருன் தன் கையாலேயே காபி வாங்கி வந்து நீட்டியபோது மரிஸ்டெல்லாவுக்கு முதலில் பயம்தான் வந்தது. மால்டா நாட்டின் மீன்வளப் பிரதிநிதியாக அவள் பிரஸ்ஸல்ஸுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. இந்த மூன்று வருஷத்தில் ஹைட்ருன் அவளிடம் பேசியது மொத்தம் இரண்டே வாக்கியம். ஒரு முறை "கதவைச் சாத்துங்க." இன்னொரு முறை "அது என் நாற்காலி."

"சர்க்கரை ஒண்ணா, ரெண்டா?" என்றாள் ஹைட்ருன்.

"வேண்டாங்க."

"நேத்து கூட்டத்துல நீங்க பேசினது பிரமாதம்."

நேற்று மரிஸ்டெல்லா வாயே திறக்கவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

இந்தத் திடீர்ப் பாசத்துக்குக் காரணம் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் இருபத்தேழு நாடுகள். ஒரு சட்டத்தை வரவிடாமல் தடுக்க வேண்டுமானால், தடுப்பவர்களிடம் மொத்த ஜனத்தொகையில் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேல் இருக்க வேண்டும். ஜெர்மனியும் பிரான்சும் ஸ்பெயினும் சேர்ந்தால் அது ஊதித் தள்ளுகிற விஷயம். ஆனால் பெரிய வீட்டுக்காரர்கள் மூன்று பேர் கூடிக்கொண்டு மற்றவர்கள் தலையில் மிளகாய் அரைக்கக் கூடாது என்று யாரோ ஒரு புண்ணியவான் இன்னொரு வரியையும் எழுதி வைத்துவிட்டான். தடுப்பவர்கள் குறைந்தது நான்கு நாடுகளாக இருக்க வேண்டும். அந்த நாலாவது நாட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஜெர்மனியின் எட்டரைக் கோடியும் ஓர் ஆள். மால்டாவின் ஐந்தரை லட்சமும் ஓர் ஆள்.

தடுக்க வேண்டிய சட்டம் கடல் மிதவைகளைப் பற்றியது. பெரிய கப்பல்காரர்கள் ஆயிரக்கணக்கில் பிளாஸ்டிக் மிதவைகளைக் கடலில் மிதக்கவிடுகிறார்கள். மிதவைக்கு அடியில் நிழல். நிழலில் மீன் ஒதுங்கும். கப்பல் வந்து வழித்துக்கொண்டு போகும். இனி எந்த மிதவையும் கூடாது என்கிறது புதுச் சட்டம். இருபத்திரண்டு நாடுகள் சரி என்று சொல்லியாகிவிட்டது. பெரிய மூன்றும் முடியாது என்கின்றன. இரண்டு நாடுகள் இன்னும் வாய் திறக்கவில்லை. ஒன்று மால்டா. இன்னொன்று லக்ஸம்பர்க்.

"எங்களோட சேர்ந்துடுங்க. சட்டம் விழுந்துடும். உங்க ஊர் ஓலை மிதவைக்கும் ஒரு ஆபத்தும் வராது" என்றாள் ஹைட்ருன். "மூணு மணிக்குக் கூட்டம். அதுக்குள்ள யோசிச்சு வைங்க."

மரிஸ்டெல்லாவின் சிக்கலே அந்த ஓலை மிதவைதான். அவள் அண்ணன் சால்வுவுக்கு மால்டாவின் மார்சஷ்லோக் படகுத்துறையில் ஒரு மீன்பிடிப் படகு இருக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஈச்ச ஓலையைக் கார்க்கோடு சேர்த்துக் கட்டி, கல் நங்கூரம் போட்டுக் கடலில் நிறுத்துவான். அதன் நிழலுக்கு லாம்புக்கி மீன் வரும். வருஷம் முழுக்க அவன் குடும்பம் சாப்பிடுவது அந்த நான்கு மாத லாம்புக்கியில்தான். சட்டம் இப்படியே வந்தால் பிளாஸ்டிக்கோடு ஓலைக்கும் தடை. சட்டம் விழுந்தாலோ, பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். போன இரண்டு வருஷமாக லாம்புக்கி பாதி வழியிலேயே கப்பல்காரன் வலைக்குப் போய்விடுகிறது. ஆகவே அவளுக்குச் சட்டமும் வேண்டும், அதில் "ஓலையால் கட்டி நங்கூரமிட்டவை நீங்கலாக" என்று ஒரே ஒரு வரியும் வேண்டும். எட்டு மாதமாக அந்த வரியைக் கேட்டுக் கேட்டு அவள் ஓய்ந்துபோயிருந்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். பின்னால் படகைச் சுரண்டுகிற சத்தம்.

"ஜெர்மனி உனக்குக் காபி வாங்கிக் குடுத்துச்சா?" சால்வு சிரித்துக் கொட்டினான். "விஷம் கிஷம் இருக்கப்போகுது, பார்த்துக் குடி."

"விளையாடாத அண்ணே. எல்லா நாட்டுக்கும் இன்னிக்கு ஒரே மதிப்பு, தெரியுமா?"

"ஆமாமா. எங்க சங்கத்துலயும்தான் எல்லாருக்கும் ஒரே மதிப்பு. ஆனா ஐஸ் மெஷின் வச்சிருக்கிறவன் சொல்றதுதான் நடக்கும். எனக்கு வியாக்கியானம் வேண்டாம்டி. அந்த வரி வருமா, வராதா?"

"வரும்" என்றாள். போனை வைத்தபிறகு ஏன் அப்படிச் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கூட்டத் தலைவர் எஸ்தோனியாக்காரர் தார்மோ. நல்ல மனிதர், சிரிக்காமல் நகைச்சுவை சொல்வார், அதனால் பலருக்குப் புரியாது. மரிஸ்டெல்லா அவர் அறைக்குப் போய், பயிற்சி செய்துவைத்த மிடுக்கோடு ஆரம்பித்தாள்.

"அந்த வரியைச் சேருங்க. இல்லேன்னா நான் அவங்க மூணு பேரோட நாலாவதாப் போயிடுவேன்."

தார்மோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போக மாட்டீங்க."

"ஏன் மாட்டேன்?"

"போனா சட்டம் விழும். விழுந்தா உங்க ஊர் மீனைப் பிளாஸ்டிக்காரன் அள்ளிட்டுப் போவான். இந்தச் சட்டம் என்னைவிட உங்களுக்குத்தான் முக்கியம்னு எனக்குத் தெரியும்மா. அதுவுமில்லாம, உங்களுக்கு ஒரு வரி திறந்தா நாளைக்கு கிரீஸ் வரும், போர்ச்சுகல் வரும். கடற்கரை வச்சிருக்கிற அத்தனை பேரும் ஆளுக்கொரு வரியோட வரிசையில நிப்பாங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்து தப்பில்லை. அதுதான் அவளுக்கு அழுகையாக வந்தது. எல்லாருக்கும் ஓர் ஓட்டுதான். ஆனால் எதற்காக ஏங்குகிறாய் என்பது எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் அந்த ஓட்டை வைத்துக்கொண்டு ஒன்றும் மிரட்ட முடியாது.

மதியம் சாப்பாட்டுக் கூடத்தில் லக்ஸம்பர்க்கின் ஜெம்பி வழக்கமான மூலை மேஜையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, கட்டை குட்டையான உருவம், வாரத்தில் மூன்று நாள் அவளோடு சாப்பிடுபவர். இன்று முகம் கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

"பன்னிரண்டு வருஷத்துல எனக்கு யாரும் காபி வாங்கிக் குடுத்ததில்ல, ஸ்டெல்லா. இன்னிக்கு மட்டும் மூணு! வயிறே ஒரு மாதிரி இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "என்ன தர்றாங்களாம்?"

"எங்க மோசல் ஆத்தங்கரை ஒயின் இருக்கில்ல? அதோட லேபிள் விஷயம் ரெண்டு வருஷமாக் கிடப்புல கிடக்கு. மூணு பேரும் கை குடுக்கறாங்களாம். நான் இங்க நாலாவதா நின்னாப் போதும்."

"நிக்கப்போறீங்களா?"

"எங்க ஆபீஸ்ல மீன் விஷயத்துக்கு எனக்கு வர்ற உத்தரவு எப்பவும் ஒண்ணுதான்: 'உங்கள் விருப்பம்.' பன்னிரண்டு வருஷமா தேதியை மட்டும் மாத்தி அனுப்பறாங்க."

அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. கரண்டியைத் தட்டில் போட்டாள். பக்கத்து மேஜை திரும்பிப் பார்த்தது.

"உங்களுக்குக் கடலே கிடையாது ஜெம்பி! ஒரு முழம் கரை கிடையாது. எங்கண்ணன் வீட்டுல அடுப்பு எரியுமா எரியாதாங்கிறதை, ஒரு பாட்டில் லேபிளுக்காக நீங்க முடிவு பண்ணுவீங்களா? மீனைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

ஜெம்பி கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார். நிஜமாகவே புண்பட்டுவிட்டார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"நூத்தி நாப்பத்தாறு பக்கம்" என்றார் மெதுவாக. "அந்த அறிக்கையை முழுசாப் படிச்சவன் இந்தக் கட்டடத்துல நான் ஒருத்தன்தான். ஓலை மிதவை ரெண்டு மாசத்துல மக்கிப்போகும், தொண்ணூத்தி ஓராம் பக்கத்துல இருக்கு. பிளாஸ்டிக் மக்காது. நங்கூரம் போட்டது நகராது, மத்தது கடல் பூரா அலையும். ரெண்டையும் ஒரே வார்த்தையில 'மிதவை'ன்னு எழுதினவன் சோம்பேறி. படிச்ச அன்னிக்கே சொல்லணும்னு இருந்துச்சு."

"ஏன் சொல்லலை?"

"லக்ஸம்பர்க் மீனைப் பத்திப் பேசினா சிரிப்பாங்கம்மா. பன்னிரண்டு வருஷமா என்கிட்ட யாராவது கேட்டாங்களா? காலையில மூணு காபி குடிச்சேனே, அப்பவும் கேட்கல. எந்தப் பக்கம் நிப்பேன்னுதான் கேட்டாங்க."

மரிஸ்டெல்லா வெட்கப்பட்டாள். மூன்று வருஷம் கூட உட்கார்ந்து சாப்பிட்டவள், அவளும் கேட்டதில்லையே. "மன்னிச்சிருங்க ஜெம்பி" என்றாள். அவர் ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டினார். எந்தப் பக்கம் நிற்பேன் என்று சொல்லவில்லை. அவளுக்கும் கேட்க வாய் வரவில்லை.

மூன்று மணிக்குக் கூட்டம் ஆரம்பித்தது. பேச வேண்டுமென்றால் முன்னால் இருக்கும் நாட்டுப் பெயர்ப் பலகையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும்; அதுதான் அங்கே பழக்கம். ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் பலகைகள் வரிசையாக நின்றன. மூன்றும் பேசி முடித்தன. மரிஸ்டெல்லா தன் பலகைமேல் கையை வைத்துக்கொண்டு, நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். அப்போது மேஜையின் அந்தக் கோடியில் லக்ஸம்பர்க் பலகை எழுந்து நின்றது.

தார்மோ கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "லக்ஸம்பர்க், உங்க பலகை தப்பா நிக்குது."

"சரியாத்தான் நிக்குதுங்க" என்றார் ஜெம்பி.

அறையில் சிரிப்பு. யாரோ "அங்க கடல் வந்துடுச்சா?" என்றார்கள். ஜெம்பியின் காது சிவந்தது. ஆனால் ஆரம்பித்துவிட்டார், தொண்ணூற்று ஓராம் பக்கத்தில் ஆரம்பித்து, ஓலை எப்போது மக்கும், கார்க் எப்போது மக்கும், நங்கூரக் கயிறு எத்தனை ஆழம் போகும் என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார். இரண்டாம் நிமிஷத்தில் சிரிப்பு நின்றது. நான்காம் நிமிஷத்தில் மொழிபெயர்ப்பாளர்கள் மூச்சு வாங்கினார்கள்.

"ஆகவே ஒரு வரி சேர்க்கணும்" என்றார். "ஓலையால் கட்டி நங்கூரமிட்டவை நீங்கலாக. சேர்த்தா நான் சட்டத்தோட நிக்கறேன். சேர்க்கலேன்னா அதோ அந்த மூணு பேரோட போய் நாலாவதா உட்கார்ந்துக்கறேன். எனக்கு மீனும் இல்லை, கப்பலும் இல்லை, எந்தப் பக்கம் போனாலும் ஒரு நஷ்டமும் கிடையாது."

தார்மோ பேனாவை மூடி வைத்தார். இந்த ஆளை எப்படி மடக்குவது? இவருக்கு எதன்மேலும் ஆசையில்லை. இவருக்குக் கொடுத்ததைக் காட்டி எனக்கும் கொடு என்று எந்தக் கடற்கரைக்காரன் கேட்க முடியும்? ஐந்து நிமிஷம் இடைவேளை விட்டார். திரும்பி வந்தபோது திரையில் அந்த வரி இருந்தது. மரிஸ்டெல்லா அதை மூன்று முறை படித்தாள். மூன்றாம் முறை எழுத்துகள் கலங்கிப்போயின.

ஹைட்ருன் மேஜைக்கு அப்பாலிருந்து அவளைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். இனி மிச்சமிருப்பது மால்டா ஒன்றுதான்.

"மால்டா?" என்றார் தார்மோ.

"சட்டத்தோட நிக்கிறோம்."

"எதிர்ப்பவர்கள் மூன்று பேர்" என்று தார்மோ எழுதச் சொன்னார். "போதாது. அடுத்த விஷயம்."

வெளியே நடைவழியில் ஜெம்பி போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளேயிருந்து அவர் ஊர் அதிகாரியின் கத்தல் நடைவழிக்கே கேட்டது. ஒயின் லேபிள் கைநழுவிப் போன சேதி அதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. மரிஸ்டெல்லா அவரைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தமிட்டாள். அவர் போனைக் கையால் பொத்தி, "மீன்னு இத்தனை தடவை நான் சொல்லி அவர் கேட்டதே இல்ல, அதான் பதறுறார்" என்றார். முகத்தில் கொள்ளைச் சந்தோஷம்.

அவள் மாடிப்படியில் உட்கார்ந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"வரி வந்துடுச்சு அண்ணே."

சால்வு மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் குரலைச் சரிசெய்துகொண்டு, "அப்ப நெசமாவே எல்லா நாடும் ஒண்ணுதானா?" என்றான்.

மரிஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். ஜெம்பி இன்னமும் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

"யார் சொன்னா?" என்றாள். "லக்ஸம்பர்க்தான் பெரிய நாடு."