எரிமலை எத்திராஜும் முத்துவேலின் பாவும்

கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடும் நாளில் ஆரணிக்காரன் பொய் சொல்லக்கூடாது. இது ஆறு கரைதொட்டு ஓடிய மழையில் நடந்த சங்கதி. ஆகவே இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும். மீதி இருக்கும் நாக்கும் இதையேதான் சொல்லும்.

அன்பரசுக்கு ஒரு வாரமாக இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை காலை ‘எரிமலை எத்திராஜ்’ ஏழாம் பாகம் வெளியாகிறது. முதல் பாகம் வந்த நாளிலிருந்து ரசிகர் மன்றத்தின் ஆரணிக் கிளைக்கு அவன்தான் தலைவன். மாவட்டத் தலைவர் தனசேகரன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

“மொத ஷோவுக்கு நானே வர்றேன். ஒரு சீட்டு காலியா இருந்தாலும் பதவிய களம்பூர் கமலக்கண்ணனுக்கு மாத்திடுவேன். அவன் ரைஸ் மில்லு ஆளுங்கள லாரியில ஏத்திகினு வந்தாவது ரொப்பிடுவான்.”

ஆரணியில் அன்பரசு என்ற பெயரில் எத்தனையோ பேர் உண்டு. ‘தலைவரே’ என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பவன் இவன் ஒருவன்தான். அவன் தறியில் நெய்யும் சேலையைக் கேட்டு வரும் பட்டுக்கடை முதலாளிகூட, “தலைவரே, எப்ப முடியும்?” என்பார். பதவி போய்விட்டால், “ஏம்பா, சேலை இன்னாச்சி?” என்பார்.

படத்துக்கு வர ஆள்தான் இல்லை. எதிர்வீட்டு முத்துவேல் முதல் பாகத்துக்குக் கட்அவுட் மேல் ஏறிப் பாலூற்றியவன். அவனே கை விரித்துவிட்டான்.

“ரெண்டாவதுல எத்திராஜு செத்தான், அழுதோம். மூணாவதுல தம்பி வந்தான், விசிலடிச்சோம். நாலாவதுல செத்ததே தம்பிதான்னான். அஞ்சாவது அவங்க அப்பன் கத. ஆறாவதுல செத்தவன், பொழைச்சவன் அல்லாரும் கும்பலா வந்தானுங்க. ஏழாவதுல இன்னா தலைவரே?”

“மறுபடியும் மொதல்ல இருந்து,” என்றான் அன்பரசு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

“அதத்தான் நான் பாத்துட்டனே!”

ஆறாம் பாகத்துக்கு அன்பரசே வாய் திறந்து தூங்கியவன். பக்கத்தில் இருந்தவர்களும் தூங்கிவிட்டதால் மானம் தப்பியது.

இப்போது நோய் முற்றிவிட்டது. ஏழாம் பாகத்தின் போஸ்டர் முன்னால் நின்றவனெல்லாம் கொட்டாவி விட்டான். சேவூர் டவுன் பஸ் டிரைவர் அது கண்ணில் படாமலிருக்க வண்டியைச் சந்து வழியாகத் திருப்பினார். போஸ்டரைத் தின்ற மாடு ஒன்று நின்றபடியே உறங்கிப்போனது. அதன் பாலில் டீ போட்ட வீட்டில் மறுநாள் ஒருவரும் தறிக்கு எழுந்திருக்கவில்லை.

“உங்களுக்கே அந்தப் படம் வேணாம். ஊரைக் கையைப் புடிச்சி இழுத்துகினு கீறீங்க,” என்றாள் மனைவி சுபத்ரா.

“மெல்லப் பேசு. கமலக்கண்ணன் காதுல உழப்போவுது.”

“களம்பூர் வரைக்கும் கேக்க நான் இன்னா மைக்கா?”

வியாழக்கிழமையும் மழை விடவில்லை. அன்பரசு சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, பிளாஸ்டிக் தாள் சுற்றிய மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு முத்துவேல் வந்தான்.

“தலைவரே, ஒரே பேஜாரா கீது. கல்யாணச் சேலைக்குப் பாவு. தெருவுல நீட்ட முடியல. தெருவுல அல்லார் கதையும் இதான். நீளமா, காஞ்ச எடமா எங்கனா கீதா?”

தறியில் ஏற்றும் முன் பட்டு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்த இழையை முடிந்து, ஒட்டியதைப் பிரித்து நீவ வேண்டும். அதுதான் பாவு. ஒரு வீட்டால் ஆகிற வேலையல்ல. யார் பாவு என்றாலும் தெருவே வந்து கைகொடுக்கும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகூட மறுமுனையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பியபடி நிற்பான். சினிமாவுக்குக் கூப்பிட்டு வராதவன் உண்டு. பாவுக்குக் கூப்பிட்டு வராதவன் ஆரணியில் பிறக்கவில்லை.

அன்பரசின் கண் துடிப்பு நின்றது.

“தியேட்டரு கீதே,” என்றான்.

வெள்ளிக்கிழமை காலை தெருத்தெருவாக மூட்டையோடு வந்தார்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்தார்கள். திரைக்குக் கீழேயிருந்து பால்கனிக் கம்பி வரை பாவுகள் ஏறின. தலைக்கு மேல் நூல், நூலுக்குக் கீழே ஜனம். படம் தொடங்கியதும் எத்திராஜின் முகம் ஆயிரக்கணக்கான இழைகளில் கிழிந்து மினுங்கியது. படத்தில் குண்டு வெடிக்கும்போதெல்லாம் அரங்கம் அதிர்ந்து, ஒட்டிக்கிடந்த இழைகள் தாமே பிரிந்துகொண்டன. அந்தப் படத்தால் விளைந்த ஒரே நன்மை அது.

திரைக்கு முதுகைக் காட்டி நின்ற முத்துவேல், பல்லில் இழையைக் கடித்துக்கொண்டு சொன்னான்: “இப்ப அம்மாவக் கட்டிப்போடுவான் பாரு.” அவன் முதுகுக்குப் பின்னால், திரையில் வில்லன் கட்டிப்போட்டான்.

வாசலில் நின்ற அன்பரசுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. ஒரு சீட்டு காலியாக இருக்கக்கூடாது என்றார் தனசேகரன். எல்லாரும் எழுந்து நின்றதில் எல்லாச் சீட்டுமே காலி! அதற்குள் அவர் கார் வந்துவிட்டது.

“வாங்கண்ணா! மொதல்ல டீ சாப்புடலாங்களா?”

“படம் ஓடிகினு கீது, டீயா? வழிய வுடுபா.”

“பஜ்ஜியாவது...”

கதவு திறந்தது. உள்ளே எத்திராஜ் வில்லனின் சட்டையைப் பிடித்திருந்தான். அதே நேரம் எங்கோ ஓர் இழை அறுந்தது. கூட்டம் முழுக்கக் கையை மேலே தூக்கிக்கொண்டு அலறியது: “புடி! வுடாத! இழு, ஜல்தி இழு!”

இருட்டில் நூலா தெரியும்? கைகள்தான் தெரிந்தன. தனசேகரனுக்குக் கண் கலங்கியது.

“ஒருத்தனும் உக்காரலயேபா!” என்று செல்போனை எடுத்து வீடியோ பிடித்தார். அங்கிருந்தே படக் கம்பெனிக்கு அனுப்பினார்.

இடைவேளை விளக்குகூட முழுதாக எரியவில்லை, பதில் வந்துவிட்டது. வாசலிலிருந்தே அவர் அன்பரசைக் கட்டிப்பிடித்து, அரங்கம் அதிரக் கத்தினார்.

“ஆயுசுக்கும் நீதான்பா ஆரணித் தலைவர்! இத்தோட நிறுத்திடலாம்னு இருந்தாங்களாம். உங்க வெறியப் பாத்துட்டு எட்டு, ஒம்போது, பத்து மூணையும் ஒண்ணா எடுக்குறாங்களாம். பூஜையே ஆரணியிலதான்!”

காலையிலிருந்து யாரும் நூலைவிட்டு எந்தப் பக்கமும் திரும்பவில்லை. இப்போது எல்லாரும் ஒன்றாக அன்பரசு பக்கம் திரும்பினார்கள். பிடித்த நூல் பிடித்தபடியே இருந்தது. தனசேகரன் அதைப் பார்ப்பதற்குள் கார் டிரைவர் அவரைக் கூப்பிட்டுவிட்டான். கமலக்கண்ணனுக்குத் தகவல் சொல்ல வேண்டுமாம்.

அன்பரசு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அவிழ்ந்து தொங்கிய பாவின் ஒரு முனையைப் பிடிக்கப் போனான்.

“ஏம்பா அன்பரசு,” என்றான் முத்துவேல். “அத வுடு. நாங்க பாத்துக்கிறோம்.”

தலைவரே என்று ஒருவரும் சொல்லவில்லை. பேச்சுவார்த்தை இல்லாத பங்காளியைக்கூடத் தள்ளாத பாவு அவனைத் தள்ளியது.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்தான். சுபத்ரா அவன் முகத்தைக் குனிந்து பார்த்தாள்.

“இப்ப எந்தக் கண்ணு துடிக்குது?”

“ரெண்டும்.”

இதைச் சொல்லும் இன்றைக்கு ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ‘எரிமலை எத்திராஜ்’ ஏழாம் பாகம் அடுத்த தீபாவளிக்குத்தான் வெளியாகிறது.