தம்மாம் லைன்

"சாச்சா, புடுங்காதீக! வெடுக்குன்னு இழுத்தா கெட்டுப்போகும்!"

கம்ப்யூட்டருக்குப் பின்னால் கையை விட்டிருந்த சாச்சா நிமிர்ந்து பார்த்தார். கூடப்பிறந்த அண்ணன், இவளுடைய வாப்பா, மவுத்தாகிக் கிடக்கும் வீட்டில் ஒரு துக்கடா சாமானுக்காக இந்தப் பெண் இப்படிக் கத்துகிறாளே என்று அவர் முகம் சுருங்கியது. ஹுமைராவுக்கே கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓடிப்போய் மேஜைக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள்.

"மத்தியானம் லுஹருக்குப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோகணும்மா. மேச இங்கன கெடந்தா சந்தூக்கு எப்படி வாசல்ல திரும்பும்?"

"அஞ்சு நிமிசம் சாச்சா. நானே முறையாக் கழட்டித் தாறேன்."

அது அவளுடைய அண்ணன் நவாஸ் காக்கா சவூதி தம்மாமிலிருந்து கொடுத்தனுப்பிய இன்டர்நெட் போன். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய டப்பி. ஒரு முனையைக் கம்ப்யூட்டரில் செருகி, மறுமுனையில் சாதாரண டெலிபோனை மாட்டினால் மணிக்கணக்கில் பேசலாம். செல்போனில் பேசினால் பேசின மாதிரியே இல்லை, ரிசீவர் கையில் கனக்க வேண்டும் என்பது வாப்பாவின் கட்சி. முதலில் வந்த டப்பியை ஹுமைரா வீடு பெருக்கும் அவசரத்தில் உருவிப்போட, அது அன்றோடு ஊமையாகிவிட்டது. அடுத்ததை அனுப்பும்போது காக்கா பாடமே நடத்தினார். முதலில் பேச்சை முடி, திரை மூலையில் இருக்கும் குறியை அமுக்கு, எடுக்கலாம் என்று அது சொன்ன பிறகு எடு.

ஆனால் இப்போது அவள் கத்தியது டப்பிக்காக மட்டும் இல்லை. வாப்பா போய்விட்ட சேதியைக் காக்காவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. வாப்பாவைத் தூக்கிப்போகும் சந்தூக்குப் பெட்டி வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லியாக வேண்டும்.

விடிகாலை சுபுஹுக்குப் பிறகு வாப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தபோது காக்காதான் லைனில் இருந்தார். அவள் கட்டிலை மேஜையோரம் தள்ளி, ரிசீவரை வாப்பாவின் காதில் வைத்தாள். அங்கிருந்து அவர் கலிமா சொல்லச் சொல்ல வாப்பாவின் உதடு அசைந்தது. பிறகு அசையவில்லை. பக்கத்து வீட்டு குல்சும் மாமி ஓடிவந்து கண்களை மூடிவிட்டு ஓவென்று அழுதார். கட்டிலை நகர்த்தியது, விரிப்புகளைச் சுருட்டி மேஜைமேல் போட்டது எல்லாம் யார் யாரோ. லைன் எப்போது அறுந்தது என்றுகூட அவள் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சாச்சா வந்து, கூடம் நிறைய ஆட்கள் இருக்கும்போது கேட்டார். "நவாஸுக்குச் சொல்லியாச்சா? அவன் வாரதுன்னா நாளைக்கு வரைக்கும் மய்யித்த வச்சிருக்கணும். ஒரே மகன், அவன் ஒரு வார்த்த சொல்லணும்."

"சொல்லிட்டேன் சாச்சா. எனக்காக வைக்க வேணாம், இன்னைக்கே அடக்கிருங்கன்னுட்டாக."

பொய் அத்தனை சரளமாக வந்தது. மய்யித்தை நாளைக்கு வரை போட்டு வைக்க மனசு வராமல்தான் சொன்னாள். ஆனாலும் வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கும் உரிமையைக் காக்காவின் வாயைக் கொண்டே பறித்துவிட்டாளே. அதன் பிறகு செல்போனை எடுப்பதும் வைப்பதுமாக அலைந்ததுதான் மிச்சம். எதை முதலில் சொல்வது, மவுத்தையா, பொய்யையா? செல்போன் ஒவ்வொரு முறை அடித்தபோதும் திடுக்கிட்டாள். யாரோ சொந்தக்காரர்கள்தான். காக்கா மட்டும் கூப்பிடவேயில்லை.

இப்போது திரை மூலையில் இருந்த குறியை அமுக்கினாள். இந்தக் கருவி பயன்பாட்டில் இருக்கிறது, இப்போது நிறுத்த முடியாது என்று ஆங்கிலத்தில் வந்து நின்றது. மறுபடி அமுக்கினாள். அதே பதில்.

"என்னம்மா சொல்லுது?"

"வேலையா இருக்குதாம்."

"இந்த நேரத்துல அதுக்கென்ன வேல?"

அவள் திரையில் போனுக்கான கட்டத்தைத் திறந்தாள். காக்காவின் பெயர் இருந்தது. அதற்குக் கீழே நேரம், காலையிலிருந்து நிற்காமல், நொடி நொடியாக ஓடிக்கொண்டிருந்தது. விரிப்புகளை அள்ளிக் கீழே எறிந்தாள். போன் மட்டும் இருந்தது, அதன்மேல் ரிசீவர் இல்லை. சுருள் ஒயர் மேஜைக்குப் பின்னால் சுவரோரம் இறங்கியிருந்தது. இழுத்து, ரிசீவரைக் காதில் வைத்தாள்.

"காக்கா?"

ஏதோ மெஷின் இரைவது கேட்டது. பிறகு, "ம்."

"கேட்டுக்கிட்டா இருந்தீக?"

"மாமி அழுதது கேட்டுச்சு. குளிப்பாட்டத் தண்ணி மோந்தது கேட்டுச்சு. நான் சொன்னதா நீ சொன்னதும் கேட்டுச்சு."

அவள் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கூப்பாடு போட்டுத் தடுத்திருக்கலாம்," என்றார் காக்கா. "ரெண்டு தரம் வாயத் தொறந்தேன். பாஸ்போர்ட்டு கம்பெனிக்காரன்ட்ட கெடக்கு. அவன் என்னைக்குத் தருவான், வாப்பாவ எத்தன நாளு ஐஸ் பெட்டியில போட்டு வைக்கச் சொல்றது? நான் சொல்ல வேண்டியதத்தான் நீ சொன்ன. ஆனாலும் கோவமா வந்துச்சு. இப்பவும் கோவந்தான்."

"கோவிச்சுக்கங்க காக்கா. என்ன வேணும்னாலும் ஏசுங்க." அவள் வாய்விட்டு அழுதாள். காலையிலிருந்து அப்போதுதான் அழுகை வந்தது.

"லைன வச்சிராத ஹுமைரா. கொண்டுபோற வரைக்கும் வச்சிராத."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "மேச நகராது சாச்சா. வாசக்கதவக் கழட்டுங்க."

"கதவையா?" என்று சீறப்போன சாச்சா அவள் கையில் இருந்த ரிசீவரைப் பார்த்தார். "நவாஸா?"

தலையசைத்தாள். சாச்சா இரண்டு பேரைக் கூப்பிட்டு, கதவைக் கீலிலிருந்து தூக்கிச் சுவரில் சாய்த்தார். அப்படியும் சந்தூக்கு இஞ்சு இஞ்சாகத்தான் திரும்பியது.

அவள் ரிசீவரோடு வாசல்வரை போனாள். போன் மேஜையிலிருந்து விழுந்துவிடாமல் மாமி அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒயர் சுருளெல்லாம் நிமிர்ந்து விறைத்தது. அதற்குமேல் ஒயரும் வராது, பெண்பிள்ளை அவளும் போக முடியாது. கலிமா சத்தம் தெருவில் இறங்கியதும் ரிசீவரைக் கைநீட்டி வெளியே பிடித்தாள். அதற்குள்ளிருந்து காக்காவும் கூடவே ஓதுவது கேட்டது. ஆட்கள் போகப் போகத் தெருவின் சத்தம் தேய்ந்தது. காக்கா மட்டும் ஓதிக்கொண்டிருந்தார். சற்றுக் கழித்து அவரும் நிறுத்திவிட்டார்.

அவள் ரிசீவரைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"முக்குத் திரும்பிட்டாகளா?"

தெருவில் வெயில்தான் இருந்தது. முக்குக் கடையை இழுத்துச் சாத்திவிட்டு, கடைக்காரரும் பின்னாலேயே போயிருந்தார்.

"இன்னும் இல்ல காக்கா," என்றாள். "தெரியுறாக."