அனுபவச் சான்று

அந்த இல்லத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் இல்லை. இடுப்பில் எப்போதும் சாவிக்கொத்து தொங்கும். அதனால் சாவியக்கா. பன்னிரண்டு வருடத்தில் நானூறு பெண்பிள்ளைகளாவது அங்கே வந்து போயிருப்பார்கள். வீட்டை விட்டு ஓடி வந்தவர்கள், வீட்டிலிருந்தே மீட்கப்பட்டவர்கள், நீதிமன்றம் அனுப்பி வைத்தவர்கள். எந்தப் பிள்ளை சாப்பாட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைக்கும், எது குளியலறைக்குள் போனால் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், ஆண்குரல் கேட்டாலே எது சுவரோரம் ஒதுங்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. மனநல ஆலோசகர் வியாழக்கிழமை மட்டும் வந்து இரண்டு மணி நேரம் இருப்பார். மற்ற நேரமெல்லாம் சாவியக்காதான்.

முப்பத்தொன்பதாவது வயதில் அவளுக்குச் சமூகப்பணியில் முதுகலை படிக்க ஆசை வந்தது. திடீரென்று வந்த ஆசை இல்லை. அஞ்சல் வழியில் ஐந்து வருடம் இழுத்துப் பிடித்துப் பட்டம் வாங்கியதே அதற்காகத்தான். அந்தப் படிப்பு இருந்தால் நீதிமன்றத்தில் ஒரு பிள்ளைக்காக எழுந்து நின்று பேசலாம். இல்லாவிட்டால் வராந்தாவில் பிள்ளையின் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பன்னிரண்டு வருடமாக அவள் எத்தனையோ பைகளைப் பிடித்திருக்கிறாள்.

அவள் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விஷயத்தைச் சொன்னபோது சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "நல்லதுதான். வீட்ல ஒருத்தராவது பள்ளிக்கூடத்துக்கு உள்ள போகட்டும். நான் வாசலோட திரும்பிடறேன்" என்றார். அவருடைய சம்மதம் அப்படித்தான் வரும்.

விண்ணப்பத்தோடு மூன்று காகிதங்கள் கேட்டிருந்தார்கள். பரிந்துரைக் கடிதம், அனுபவச் சான்று, தன்னைப் பற்றி ஆயிரம் வார்த்தையில் ஒரு கட்டுரை. இல்லத்தின் மேலாளர் அவளைவிடப் பத்து வயது சின்னவள். அதே படிப்பைப் படித்துவிட்டு வந்தவள். பரிந்துரைக் கடிதத்தை அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். சாவியக்கா அதை இரண்டு தடவை படித்தாள். தன்னைப் பற்றித்தானா இதெல்லாம் என்று இருந்தது. ஆனால் அனுபவச் சான்றை நீட்டும்போது மேலாளர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

'துப்புரவுப் பணியாளராகப் பன்னிரண்டு ஆண்டுகள்' என்று அதில் இருந்தது.

"என்னம்மா இது?"

"நீங்க சேர்ந்தப்ப காப்பாளர் வேலைக்கு இடமே இல்லக்கா. துப்புரவுலதான் காலி இருந்துச்சு. அதுலதான் உங்கள எடுத்திருக்காங்க. அப்புறம் யாரும் மாத்தவே இல்ல."

"நான் ஒரு நாள்கூட தொடப்பம் தொட்டதில்லையே."

"எனக்குத் தெரியாதாக்கா? பதிவேட்டுல என்ன இருக்கோ அதத்தான் நான் எழுத முடியும். மாத்தி எழுதினா கையெழுத்து போட்ட எனக்கு வேல போயிடும்."

சாவியக்கா சான்றை மடித்துப் பைக்குள் வைத்தாள். எழுதிக் கொடுத்தவள் கெட்டவளாக இருந்தால் திட்டியாவது ஆறியிருக்கலாம். அவள் கண்கலங்கி நின்றதால் அதற்கும் வழியில்லாமல் போனது.

இனி கட்டுரைதான் கைகொடுக்க வேண்டும். 'உங்கள் பணியில் நீங்கள் சந்தித்த ஒருவரின் வாழ்வில் ஏற்பட்ட மாற்றத்தையும் அதில் உங்கள் பங்கையும் விவரிக்கவும்' என்று கேட்டிருந்தார்கள். படித்தவுடனேயே அவளுக்குப் பூனையின் ஞாபகம்தான் வந்தது.

பூனை என்பது இல்லத்துப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர். வரும்போது அவளுக்கு வயது பதினாறு. காவல் வண்டியிலிருந்து இறங்கி உள்ளே வந்ததும் நேரே கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டாள். சாப்பாட்டை உள்ளே தள்ளினால் சாப்பிடுவாள். யாரும் இல்லாதபோது கழிப்பறைக்குப் போய் வருவாள். ஒரு வார்த்தை கிடையாது. ஆலோசகர் இரண்டு வியாழக்கிழமைகள் முட்டிபோட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு முட்டிவலியோடு போய்விட்டார். சாவியக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் பழைய செய்தித்தாளில் வரும் விளம்பரங்களை உரக்கப் படித்தாள். ஆள் தேவை, சைக்கிள் விற்பனைக்கு, காணாமல் போன நாய். தினமும் ஒரு மணி நேரம். பத்தொன்பதாம் நாள், 'இரண்டு அறை, தனி வாசல், சிறிய குடும்பத்துக்கு மட்டும்' என்று படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியபோது, அடியிலிருந்து குரல் வந்தது.

"அந்த வீட்டுக்கு யாராவது குடி வந்துட்டாங்களா?"

அந்தப் பூனைக்கு இப்போது இருபத்து மூன்று வயது. கல்யாணமாகி, மாமியார் நடத்தும் சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். மாதத்தில் முதல் ஞாயிற்றுக்கிழமை இல்லத்துக்கு வந்து சாவியக்காவோடு அரை நாள் இருந்துவிட்டுப் போவாள். சொல்லாமல் அவளைப் பற்றி எழுதுவது சரியில்லை என்று தோன்றியதால் சாவியக்கா ஒருநாள் மதியம் கடைக்கே போனாள். மாமியார் துணி கொடுக்க வெளியே போயிருந்தாள்.

பூனை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"பேர் போட மாட்டேன். ஊர் போட மாட்டேன். யாருக்கும் நீதான்னு தெரியாது" என்றாள் சாவியக்கா.

"எனக்குத் தெரியுமேக்கா."

"நல்ல விதமாத்தான் எழுதுவேன் கண்ணு."

"நீங்க நல்ல விதமாத்தான் எழுதுவீங்க. ஆனா வேணாங்க்கா. இங்க என்னை அப்பா அம்மா இல்லாம ஹாஸ்டல்ல வளந்த பொண்ணுன்னுதான் நெனச்சிட்டிருக்காங்க. அதுக்காக மட்டும் சொல்லல. அது ஒண்ணுதான் என்கிட்ட இருக்கு. அத வேற யாரும் வச்சிருக்கக் கூடாதுன்னு இருக்கு." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "கோவமா?" என்று கேட்டாள்.

"சீச்சீ. எழுத மாட்டேன். விடு."

சொன்னபடி எழுதவும் இல்லை. அந்த இடத்தில் இல்லத்தின் தினசரி வேலைகளை எழுதி நிரப்பினாள். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகள்தான் அதைத் தட்டச்சு செய்தாள். "என்னம்மா, மளிகைப் பட்டியல் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, "பரவால்ல, நல்ல பட்டியல்தான்" என்றாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அவளே எதிர்பார்க்கவில்லை. வேன்காரர் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு அதே வேனில் அவளைக் கல்லூரி வாசலில் கொண்டுபோய் விட்டார். உள்ளே வரிசையாக நாற்காலிகள். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஏறக்குறைய பூனையின் வயதுக்காரர்கள். ஒரு பெண் அவளைப் பார்த்து எழுந்து, "மேடம், எத்தன மணிக்கு ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டாள். "நானும் உன்ன மாதிரிதாம்மா வந்திருக்கேன்" என்றதும் அந்தப் பெண்ணுக்கு வெட்கமாகிவிட்டது.

அறைக்குள் மூன்று பேர் இருந்தார்கள். நடுவில் தலைமுடி முழுக்க நரைத்த துறைத்தலைவர், ஒரு பக்கம் கண்ணாடி போட்ட பேராசிரியை, இன்னொரு பக்கம் குறிப்பெடுக்கும் இளைஞர். தலைவர் அனுபவச் சான்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரிந்துரைக் கடிதம் ஒண்ணு சொல்லுது, சான்று வேற ஒண்ணு சொல்லுது. எத நம்பறது?"

அவள் விளக்கினாள். விளக்க விளக்க அவளுக்கே அது சாக்குப்போக்கு மாதிரி கேட்டது.

"சரி. உங்க கட்டுரையில எல்லாரைப் பத்தியும் இருக்கு, யாரைப் பத்தியும் இல்ல" என்றார் பேராசிரியை. குரலில் கடுமை இல்லை. "பன்னிரண்டு வருஷம்னு சொல்றீங்க. ஒரே ஒரு பிள்ளையைப் பத்திச் சொல்லுங்க. நீங்க என்ன செஞ்சீங்க, அவளுக்கு என்ன ஆச்சு. அது போதும்."

நானூறு பிள்ளைகளில் எவளையாவது சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் இரண்டு மூன்று பேரை மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து ஒருத்தியும் நாக்கில் வரவில்லை. துப்புரவு என்ற சொல் மட்டும் மேசைமேல் கிடந்தது. வாயைத் திறந்தாள். கட்டில் வந்தது. செய்தித்தாள் வந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். மூன்று பேரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டதும், அவள் நிறுத்தவில்லை. அந்தப் பிள்ளைக்குச் சொந்த வீட்டில் யாரால் என்ன நடந்தது, யார் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள், வழக்கு எப்படிப் பிசுபிசுத்துப் போனது, எல்லாம் சொன்னாள். காலி வீட்டைப் பற்றிய கேள்வியைச் சொன்னபோது இளைஞர் தலையைக் குனிந்துகொண்டார்.

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இவ்வளவு நல்ல விஷயத்தக் கட்டுரையில ஏன் எழுதல?"

"அந்தப் பொண்ணு வேணாம்னு சொல்லிடுச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. பேராசிரியை கண்ணாடியை மறுபடியும் போட்டுக்கொண்டார். தலைவர் இளைஞரைப் பார்த்தார். இளைஞர் எதையோ எழுதினார்.

"நன்றிம்மா. முடிவத் தெரியப்படுத்துவோம்."

வெளியே வேன் நின்றிருந்தது. "எப்படிப் போச்சு?" என்றார் வேன்காரர். "நல்லாப் பேசினேன்" என்றாள். அதற்குப் பிறகு வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. இரண்டே வரி. தாங்கள் தேர்வு செய்யப்படவில்லை, தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. காரணம் எதுவும் போடவில்லை. சான்றா, வயதா, கடைசியாகச் சொன்ன அந்தப் பதிலா, அவளுக்குத் தெரியவே போவதில்லை. மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வேன்காரர் அவள் சிரிக்கும்படி ஏதாவது சொல்லப் பார்த்து, ஒன்றும் கிடைக்காமல், அவளுக்காக டீ போடப் போனார்.

நேர்காணலில் நடந்ததைப் பூனையிடம் சொல்லாமலே இருந்துவிடலாம். அவளுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை. நாலு நாள் அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஐந்தாம் நாள் சலவைக்கடைக்குப் போனாள்.

பூனை சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்கக்கா. கெடச்சுதா?" என்று முகமெல்லாம் மலர்ந்து கேட்டாள்.

"கெடைக்கல."

"ஐயோ. ஏங்க்கா?"

"தெரியல. கண்ணு, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். அங்க வாய்விட்டு உன் விஷயத்தச் சொல்லிட்டேன்."

இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்திலேயே நின்றது. துணி சூடேறும் வாசனை வந்ததும் பூனை அதைத் தூக்கினாள். காலரில் ஒன்றும் ஆகவில்லை. கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

"எத்தன பேர்கிட்ட?"

"மூணு பேர்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"எடமும் கெடைக்கல."

"இல்ல."

"அப்போ சும்மாதான் சொன்னீங்களா?"

பூனை சட்டையை மடித்தாள். பொத்தான் போட்டு, கையை உள்ளே மடக்கி, ஒரு சுருக்கம் இல்லாமல் மடித்து அடுக்கில் வைத்தாள். அடுத்த சட்டையை எடுத்தாள்.

"கட்டிலுக்கு அடியில ஏன் போனேன்னு சொன்னீங்க?"

"பயத்துலன்னு சொன்னேன்."

"பயம் இல்லக்கா" என்றாள் பூனை. குரல் ஏறவில்லை. "அது வேற. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் ரெண்டு மூணு ஞாயித்துக்கிழமையா வந்தேன். வாய் வரல."

சாவியக்கா அவள் கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் பின்பக்கத் திரையை விலக்கிக்கொண்டு மாமியார் வந்துவிட்டாள். பருத்த, வாயெல்லாம் சிரிப்பான பெண்மணி.

"யாரும்மா இது?"

"எங்க ஹாஸ்டல் வார்டன், அத்தை."

"அட, நீங்கதானா. உக்காருங்க, உக்காருங்க." துணி மூட்டையைத் தள்ளிவிட்டு நாற்காலி போட்டாள். "மாசம் தவறாம உங்களப் பாக்க வருவாளே. பெத்தவங்க இருந்தாக்கூட இப்படி வளத்திருக்க மாட்டாங்க. ஒரு பேச்சு இங்கேந்து அங்க போகாது. அவ்வளவு அடக்கம். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே."

சாவியக்கா நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். டீ வந்தது. ஆறும்வரை கையிலேயே வைத்திருந்து, ஆறிய பிறகு ஒரே மடக்கில் குடித்தாள். மாமியார் கடையைப் பற்றி, மகனைப் பற்றி, மழைக்காலத்தில் துணி காயாத கஷ்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள். பூனை முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போட்டாள். கால் மணி நேரத்துக்குப் பிறகு திரும்பாமலே, "அக்காவுக்கு வேலைக்கு நேரமாச்சு அத்தை" என்றாள்.

அந்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை பூனை வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. சாவியக்கா ஒரு தடவை கடை வாசல் வரை போனாள். உள்ளே அவள் தெரிந்தாள். கூப்பிட வாய் வராமல், சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் பேருந்துக்கு நின்றாள். பேருந்து வரும்வரை பூனை நிமிரவே இல்லை.

மறுவருடம் மேலாளர் புதிய விண்ணப்பத்தை அச்செடுத்து அவள் மேசைமேல் வைத்தாள். "இந்தத் தடவ நானும் கூட வரேங்க்கா. பதிவேட்ட மாத்தச் சொல்லி மேல எழுதியிருக்கேன். வந்தாலும் வரும்."

"வரட்டும்மா" என்றாள் சாவியக்கா. விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் அதே கேள்வி, ஒரு எழுத்து மாறாமல் இருந்தது. அதன் கீழே விட்டிருந்த வெற்றிடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு காகிதங்களை ஒழுங்காக அடுக்கி மேலாளரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, குளியலறைக்குள் போன பிள்ளை இன்னும் வெளியே வரவில்லையே என்று பார்க்கப் போனாள்.