வெள்ளையாக நின்ற மூன்று புட்டிகள்

வியாழன். விம்கோ நகர் கால்வாய்த் தண்ணீரை இன்று இன்குபேட்டரிலிருந்து எடுத்தேன். இருபத்தேழு டிகிரியில் மூன்று நாள். கழிவைத் தின்னும் கிருமிகள் அதற்குள் எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கின்றன என்பதுதான் பி.ஓ.டி. அதிகம் குடித்தால் தண்ணீர் மோசம்.

மூன்று புட்டியிலும் ஆக்சிஜனைக் காட்டும் மருந்து விட்டேன். ஆக்சிஜன் மிச்சமிருந்தால் பழுப்பாகப் படியும். மூன்றும் வெள்ளை. மருந்து கெட்டுவிட்டதோ என்று குழாய்த் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், பழுப்பு வந்தது. தவறு என்னுடையது.

கழிவு விடும் ஆலையின் பழைய அறிக்கையில் பி.ஓ.டி. இருபத்தைந்து என்று இருந்தது. அதை நம்பி, ஒரு பங்கு கால்வாய்த் தண்ணீருக்கு மூன்று பங்கு நல்ல தண்ணீர் மட்டும் சேர்த்திருந்தேன். நூறில் ஒரு பங்காகவும் ஒரு புட்டி வைத்திருக்க வேண்டும். யாரைச் சோதிக்கிறேனோ அவன் சொன்ன எண்ணை வைத்தே அளவு பிடித்திருக்கிறேன்.

லேப் மேலாளர் தாமோதரன் சார் கால்குலேட்டரைத் தட்டினார். ஆக்சிஜன் முதலில் ஏழரை, கடைசியில் பூஜ்ஜியம், கலவை நாலு பங்கு என்பதால் நாலால் பெருக்கினால் முப்பது.

"லிமிட்டும் முப்பதுதான். பாஸ். கையெழுத்து போடு மகிமா, ஈவினிங் கிளாஸுக்கு லேட்டாவுது பாரு."

முப்பதில் தீர்ந்தது கழிவல்ல, ஆக்சிஜன். சோற்றுப்பானை காலியானதைப் பார்த்து எல்லோருக்கும் வயிறு நிறைந்தது என்று எழுதச் சொல்கிறார். அவருக்கு இது பதினெட்டு வருடமாகத் தெரியும்.

ஆலை மீதான புகாருக்கு நாளைக் காலை விசாரணை. மனு கொடுத்தவர் கால்வாய்க்கரை கெங்கம்மா. திங்களன்று நான் தண்ணீர் எடுக்கும்போது கூடவே நின்றார்.

"மூணு தபா மனு குட்த்துட்டேன். ஆபீசரு பேப்பர் எங்கன்றான். கைபம்புல கலீஜா வருது, அவனுக்கு மூக்கு இல்லியா? நீயாச்சும் ஒயுங்கா எய்து பாப்பா."

படிவத்தில் எழுதினேன்: 'ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்தது. பி.ஓ.டி. முப்பதுக்கு மேல். எவ்வளவு என்று தெரியாது. கலவை அளவு என் தவறு.' கையெழுத்திட்டேன்.

தப்பை நீயே எழுதிக் கொடுத்தால் இங்கே வேலை இருக்காது என்றார் சார். மனுதாரருக்கான நகலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். படிகளில் ஓடியே இறங்கினேன். பயமா கோபமா என்று இப்போதும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கோபம் என்றே எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போகவில்லை. கெங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"மேலன்னா எம்மாம் மேல?"

தெரியாது என்றேன். என் தவறையும் சொன்னேன். அவர் என்னை முறைத்தார். பிறகு தாளை நாலாக மடித்தார்.

"இத்த நான் சொன்னா அவனுங்க சிரிப்பானுங்கோ. நீ வந்து சொல்லு."

நாளை பத்து மணிக்குப் போகிறேன். லேபில் விடுப்புக் கேட்கப் போவதில்லை.